மச்சினன் தந்த தைரியம்

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும்.

மேலதிகாரியைக் கண்டாலே வயிறு கலங்கும் குமாஸ்தாவுக்குத் தைரியம் வர, வாய்த்துடுக்கான மச்சினனின் மலத்திலிருந்து குடல் நுண்ணுயிர்களை எடுத்து மாத்திரையாகத் தருவதென்று டாக்டர் முடிவுசெய்தார். நேற்று நர்ஸ் நீட்டிய முதல் மாத்திரையைக் குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். இன்று அதிகாரி போட்ட வெளியூர் மாற்றல் உத்தரவை மறுக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிய வேண்டியதுதான்.

"தைரியம் மட்டும் வந்தாப் போதுங்க. என் தம்பி கோவமும் சேந்து வந்தா வேலையே போயிடும்" என்றாள் மனைவி.

"வந்துடுச்சு போலிருக்கு. காலையிலேர்ந்து யாரையாவது அறையணும்போல இருக்கு."

அதிகாரியின் அறைக்குள் போனவர், மேசையைத் தட்டி, "முடியாது. வேணும்னா நீங்க போங்க" என்றார். பேசியது தன் வாய்தானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதிகாரி உத்தரவைக் கிழித்தார்.

வெளியே வந்ததும் நர்ஸ் போனில் அழைத்தாள்.

"சார், நேத்து குடுத்தது வயித்தைக் கழுவுற மாத்திரை. உங்க மச்சினருக்கு நாலு நாளா மலச்சிக்கல். இன்னும் ஒண்ணுமே தரலை."