வெயிலில் தெரியாத நெருப்பு

ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரில் பாக்டீரியாவை வளர்த்து, அது வெளிவிடும் ஹைட்ரஜனை எரித்துக் காட்டுவதாகப் பொற்கொடி வாக்குக் கொடுத்து எட்டு மாதமாகிவிட்டது. அன்று உச்சி வெயிலில், பாக்டீரியா வளரும் தொட்டியிலிருந்து வரும் குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கம்மா நெருப்பு?" என்றார் ஆலை முதலாளி அர்த்தநாரி.

"எரியுதுங்க. வெயில்ல கண்ணுக்குத் தெரியாதுங்க."

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே சொல்லுவ? சாயங்காலம் தொட்டியக் காலி பண்ணிரு."

சொல்லிக்கொண்டே குழாய் முனையைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். தொடாதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தாள் பொற்கொடி. எரிகிறதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அந்த விரல்கள் சொல்லிவிடும். திறந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

மயிர் கருகும் வாடை அடித்தது. அர்த்தநாரி அலறிக்கொண்டு கையை உதறினார். சிவந்த விரல்களை ஊதியபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, நெசமாவே எரியுதே! தொட்டி இருக்கட்டும்மா." பிறகு அவளைப் பார்த்து, "நீ கத்தித்தான் இருப்ப. மில்லுச் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல," என்றார்.

பொற்கொடி ஆமென்று தலையாட்டினாள்.