விழுவதற்கு ஓர் ஆள்

நவநீதன் உதைத்ததும் நான் விழ வேண்டும். அதுதான் பேச்சு.

கே.கே. நகர் பக்கம் ஒரு மகளிர் கல்லூரி. பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி, முதல் நாள். பயிற்சியாளர் நவநீதன். பொறுக்கியாக நடிப்பது நான்.

வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். உடற்கல்வியில் டிகிரி, கராத்தேயில் கறுப்பு பெல்ட். விழுவதற்கு இந்தத் தகுதி போதும் என்று நினைத்திருப்பார்கள்.

"ஒழுங்கா விழுந்துடும்மா அனுசுயா. பிரச்சினை பண்ணாம இருந்தா அடுத்த வருஷம் இந்த வேலை உனக்குத்தான்." மேடையேறும் முன் கராத்தே சங்கச் செயலாளர் பிராங்க்ளின் சொன்னது.

எனக்கு அந்த வேலை வேண்டும்.

ரவுண்ட் கிக். கால் பக்கவாட்டில் சுழன்று காதோரம் வந்து நின்றது. படவேயில்லை. விழுந்தேன். கைதட்டல்.

சைடு கிக். குதிகால் விலாவைத் தொட்டது. கொசு உட்கார்ந்த மாதிரி. விழுந்தேன். முதல் வரிசை முழுக்க செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

"ரெண்டுல ரவுண்ட் கிக்தான் பெஸ்ட்," என்றான் நவநீதன். "எவனா இருந்தாலும் இப்படித்தான் விழுவான்."

ஒரு பெண் எழுந்தாள். கழுத்து அட்டையில் ருக்ஸார் என்றிருந்தது.

"மாஸ்டர், டவுன் பஸ்ல அவ்ளோ உசரம் காலைத் தூக்க எடம் ஏது? நேரா வயித்துல உதைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லீங்களா?"

"ஃபிரன்ட் கிக்கா? அது சின்னப் பசங்க கத்துக்கறதும்மா. அதுல யாரும் விழ மாட்டாங்க."

நான் எழுந்தேன். பிராங்க்ளின் கீழேயிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார்.

அடுத்த வருஷம்.

"காட்டட்டுங்களா, மாஸ்டர்?"

முட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். கால்விரல்களை மேல்நோக்கி இழுத்தேன்.

நவநீதன் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். ரப்பர் விரிப்பின் விளிம்பு தடுக்கி மல்லாந்தான்.

இதுவரை இல்லாத கைதட்டல்.

நான் காலை இன்னும் நீட்டவேயில்லை.

நீட்டியது போன மாதம். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் மணலில், இந்த வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் இருவருக்கும் வைத்த போட்டியில்.