முதுகுக்குப் பின்னால் தூண்டில்

ஹெப்பகோடி ஏரிக்கரையில் புகழேந்தி பின்னால் பார்க்காமல் தூண்டில்கோலைத் தோளுக்கு மேல் ஓங்கி வீசுகிறான். தூண்டில் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கவேயில்லை. நைலான் நரம்பு அவன் முதுகுப்பக்கம் விறைத்து நிற்கிறது. "அம்மா" என்று மனைவி சங்கமித்ராவின் குரல். டீ ஃபிளாஸ்க் கல்லில் உருளும் ஓசை. நரம்பின் முனையில் இருப்பது நேற்று வாங்கிய ஸ்பின்னர், கொக்கி வைத்த போலி இரை. பித்தளைத் தகடு சுழன்று மின்னுவதைக் குஞ்சுமீன் என்று ஏமாந்து விரால் பாயுமாம். கடைக்காரர் கொக்கியை நகத்தில் வைத்துக் கூர் காட்டியது இப்போது அவன் நினைவுக்கு வருகிறது. "இழுத்துடாதீங்க," என்கிறாள் அவள், மூச்சு விடாமல். "கோல ஆட்டாதீங்க. மெதுவா லூஸ் பண்ணுங்க." நரம்பு சுற்றிய ரீலை அவன் கட்டைவிரலால் தளர்த்துகிறான். நரம்பு தொய்கிறது. திரும்புகிறான். காலை வெயிலில் அவள் ஆடாமல் நிற்கிறாள், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. விரலிடுக்கில் தொங்கும் தகடு காற்றில் சுழல, அதன் வெளிச்சம் அவள் கன்னத்தில் ஓடுகிறது. மணிக்கட்டு வழியே ரத்தம் ஒரு கோடாக இறங்குகிறது. "எங்க மாட்டியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க," என்று கையை எடுக்கப் போகிறாள். "எடுக்காத மித்ரா," என்று கத்திவிட்டு, அவன் தன் கண்களை இறுக மூடிக்கொள்கிறான்.