நாற்பத்தொன்று

பத்தாவது படிக்கும்போது, பெயர் மறந்துபோன ஏதோ ராஜவம்சத்தின் இடிந்த கற்கோட்டைக்குச் சுற்றுலா போனோம். புதுச்சேரியிலிருந்து கிளம்பியது நாற்பது பெண்கள். திரும்பும்போது டீச்சர் மூன்று முறை எண்ணினார். நாற்பத்தொன்று. ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைத்தார். தெரியாத முகம் ஒன்றுமில்லை. பஸ் கிளம்பியது.

முப்பது வருடம் கழித்து, போன மாதம் தோழிகள் மறுபடி போனோம். தூண்களுக்கு நடுவே புளியோதரை சாப்பிட்டு, பழைய பாட்டெல்லாம் பாடினோம். கிளம்பும்போது அமுதவல்லி மட்டும் எழவில்லை. மூலக்குளத்தில் என் பக்கத்து வீடு. என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள்.

“வாடி, நேரமாச்சு.”

“நீங்க போங்கடி. நான் வீட்டுக்கு வந்துட்டேன்.”

கையைப் பிடித்து இழுத்தேன். சிரித்தபடி விடுவித்துக்கொண்டாள்.

வேன் திரும்பும்போது பார்த்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்படியில் கிடந்த சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.