‘யாருக்காக’ என்ற கட்டம்

சோதித்துப் பார்க்க அவள் தன் ஊரின் பின்கோடைத் தட்டினாள்.

எல்லோரும் செய்வதுதான். புதுப் பேனா வாங்கினால் சொந்தப் பெயரைக் கிறுக்கிப் பார்ப்பதில்லையா, அப்படி.

திரையில் சங்கரன்கோவில் ஆர்டர்கள் மட்டும் நின்றன. முப்பத்தொன்று.

சரியாகத்தான் பிரிக்கிறது. அத்தோடு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம்.

கும்பகோணத்துக் கடை அது. எள், தர்ப்பை, பச்சரிசி எல்லாம் சேர்த்துக் கட்டி, திதிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆர்டர் எல்லாம் ஆன்லைனில். ஏழு வருடத்து ஆர்டர்களை அறிக்கை தயாரிக்கும் மென்பொருளோடு இணைத்துக் கொடுப்பது அவள் வேலை. இணைத்துவிட்டால், யாருக்கு எப்போது திதி வருகிறது என்று அதுவே கணித்து, ஆர்டர் போடாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிவிடும்.

கடைக்காரர் பஞ்சநதம் காலையில் போனில் சொல்லியிருந்தார்.

"ஒரு வரி விட்டுப்போனாக்கூட தப்பும்மா. திதி தவறுச்சுன்னா ஜனங்க நம்மளத்தான் கேப்பாங்க."

ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்கள். ஆர்டர் போட்டவர். யாருக்காக.

பதினெட்டாவது வரி. ஆர்டர் போட்டவர்: சங்கரலிங்கம்.

யாருக்காக: கோமதி. உறவு: மகள்.

சங்கரன்கோவிலில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதி மேல்தான் விழும். அம்மன் பெயர். அவளுக்கும் அதே பெயர்தான்.

ஆனால் முகவரி, அவள் பிறந்த வீடு.

மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆனி மாதக் காலையில், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ள அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறினாள். அப்பா தலைமுழுகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒருநாள் கோபம், என்றைக்காவது ஆறும், அப்போது போய்க் காலில் விழலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

ஐந்து ஆர்டர்கள். ஐந்து ஆனி.

ஆங்கிலத் தேதி முன்னும் பின்னும் நகர்ந்திருந்தது. திதி மட்டும் மாறவில்லை. வளர்பிறை சப்தமி.

தான் வீட்டை விட்டுப் போன நாளுக்கு ஒரு திதி உண்டு என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

அப்பா எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை.

உயிரோடு இருக்கிற மகளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க அவருக்கு எப்படிக் கை வந்தது.

மென்பொருள் மஞ்சள் நிறத்தில் ஒரு குறிப்புக் காட்டியது. கோமதி. இந்த வருடம் ஆனியில் ஆர்டர் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பலாமா?

வரவில்லை.

அப்படியானால் அப்பாவுக்கு மனசு மாறியிருக்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் நம்பினாள்.

கீழே நகர்த்தினாள். அதே முகவரிக்கு, ஆடியில், இன்னோர் ஆர்டர் இருந்தது.

ஆர்டர் போட்டவர்: ஆவுடையம்மாள்.

அம்மா.

யாருக்காக: சங்கரலிங்கம். முதல் வருடத் திதி.

போன வருடம் ஆனியில் மகளுக்கு எள் வாங்கியவர், அடுத்த மாதமே போய்ச் சேர்ந்திருக்கிறார். ஒரு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

ஆடியில் அப்பாவுக்கு வாங்கியிருக்கிறாள் அம்மா.

ஆனியில் ஒன்றும் வாங்கவில்லை.

மஞ்சள் குறிப்பு இன்னும் காத்திருந்தது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள்.

அம்மாவுக்கென்று தனியாகப் போன் இருந்ததில்லை. இந்த வரியில் ஒரு புது எண் இருந்தது.

வாடிக்கையாளர் எண்களைச் சொந்தக் காரியத்துக்குத் தொடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

திரையைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினாள்.

"யாரு பேசுதது?"

பெயரைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

அம்மா போனை வைக்கவில்லை.