முப்பத்திரண்டு சதவீதம்

"ஒன்ன ஆருட்டி தலையாட்டச் சொன்னா?"

மாவட்ட ஆஸ்பத்திரி வராந்தாவே அதிரும்படி கத்தினாள் அவள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவளுக்குத் தெரியாது.

பெஞ்சுகளில் காத்திருந்த முப்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை. காது முகாம் அல்லவா. துணைக்கு வந்தவர்கள்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள். "வேணும்னா செஞ்சேன்? பழக்கந்தானக்கா. மெதுவாப் பேசு."

உதட்டசைவில் அதைப் படித்தாள் அக்கா. இன்னும் சத்தமாகப் பேசினாள்.

கையில் ஒரு தாள். வலக்காதுக்கு ஒரு கோடு, இடக்காதுக்கு ஒரு கோடு. கீழே, முப்பத்திரண்டு சதவீதம்.

நாற்பது வேண்டும். நாற்பது இருந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் மனுப் போடலாம்.

மனுவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த முகாம் நாலு மாதம் கழித்து.

கெடுத்தது தங்கையின் தாடை.

பழக்கம் என்றால் இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. பன்னிரண்டு வருஷம். அவளுக்குக் காது மங்கத் தொடங்கியபோதே, கல்யாணம் ஆகிற வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தங்கைதான் காது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் முழங்கையில் ஓர் இடி. பெண் பார்க்க வந்தவர்கள் கேள்வி கேட்டால், அடுப்படி வாசலில் நின்று தாடையை ஓர் இறக்கு.

இறங்கினால் 'ஆமா' என்றுவிட வேண்டியது.

ஒருமுறை, பால் பொங்குகிறதென்று தங்கை திரும்பிய நேரத்தில், "என்னப் பிடிக்கலையா?" என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டார். அவளாகவே ஒரு ஆமா போட்டாள். மறுநாள் ஜாதகம் திரும்பி வந்தது.

தெருவுக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தால்தானே அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அவளைப் பற்றியே பேச முடியும்.

இன்றைக்குக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

வெளியே பரிசோதகர் பொத்தானை அமுக்கினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்ற தங்கையின் தாடை தானாக இறங்கியது.

உள்ளே அவள் கை தானாக ஏறியது.

தங்கை வேறு பக்கம் பராக்குப் பார்த்த நேரங்கள்தான் அந்த முப்பத்திரண்டு.

இன்னொரு தடவை எடுங்கள் என்று இரண்டு பேரும் கெஞ்சினார்கள். "கையத் தூக்குனது நீங்கதானம்மா" என்றார் பரிசோதகர். அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பார்க்காவிட்டால் தங்கை என்ன பேசினாலும் பேசாத மாதிரிதான்.

இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கல்யாணத் தரகர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்குக் காது கேக்காது. முப்பத்திரண்டு சதவீதம்னு எழுதியே குடுத்துட்டாவ. மூத்தவ மூத்தவன்னு இனிமே ஒருத்தரையும் கூட்டிட்டு வராதீங்க. எளையவளுக்குப் பாருங்க."

தெருவில் கதவு திறக்காத வீடு இல்லை.

தங்கை முழங்கையில் இடித்தாள். மறுபடியும் இடித்தாள். அவள் கையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று தெரு ஒரு வாரம் பேசியது. பிறகு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை.

சத்துணவு வேலை யாருக்கோ போயிற்று.

ஐப்பசி முகாமுக்கு அவள் தனியாகப் போனாள்.

அறுபத்தெட்டு.

சான்றிதழை நகல் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையிலேயே நாலு பேர் அதைப் படித்துவிட்டார்கள். நாலே மாதத்தில் முப்பத்திரண்டு அறுபத்தெட்டு ஆகிவிட்டதே என்று வாயில் கை வைத்தார்கள். வேறென்ன, தங்கச்சி சங்கரன்கோவில் போன ஏக்கம்தான், பாவம், இருந்த காதையும் கொண்டுபோய்விட்டது என்றார்கள்.

அவள் முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள்.

ஒவ்வோர் உதடாகப் படித்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

பிறகு தாடையை ஓர் இறக்கு இறக்கினாள்.