மாடிப்படி அலறல்

ஒலிப்பதிவு அறையின் திரையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறது. கதாநாயகி மெழுகுவர்த்தியோடு மாடிப்படி ஏறுகிறாள். சுவரில் தொப்பி வைத்த நிழலும் அவள் பின்னாலேயே ஏறுகிறது. அன்று அவளுக்காக அலறியது என் அம்மா. இப்போது கலரில் எடுக்கிற ரீமேக்குக்கும் அலறச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொண்டை ஆபரேஷன் தழும்பைச் சால்வையால் மூடிக்கொண்டு மைக் முன் நிற்கிறாள். "குரலே போயிடுச்சு, எதுக்கும்மா இந்த வம்பு?" என்று வழியெல்லாம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மெழுகுவர்த்தி அணைகிறது. மிகச் சரியாக அந்த நொடியில் அம்மா வாயைத் திறக்கிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது, விரல்கள் காற்றைப் பிறாண்டுகின்றன. அறையில் விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பொத்தான்களைத் தட்டிப் பார்க்கிறார். "மைக்ல ஏதோ கோளாறு மேடம். வேற மாத்திட்டு இன்னொரு தடவை போலாமா?" அம்மா என் பக்கம் திரும்பாமல் தலையாட்டுகிறாள்.